பழைய காரில் நல்ல பாட்டு: குறைந்த செலவில் செட் மாற்ற ஒரு வழிகாட்டி

கம்பம், கூடலூர், லோயர்கேம்ப், குமுளி என்று மலைக்குக் கீழும் மேலும் ஓடும் வண்டிகளில் பழசுக்குக் குறைவே இல்லை. மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜென், ஆம்னி, சான்ட்ரோ, ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப் எல்லாமும் அப்படித்தான். எஞ்சினை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்கூடப் பாட்டு விஷயத்தில் மட்டும் கைவிட்டு விடுகிறார்கள். கேசட் செட் நின்று வருஷக்கணக்காகியிருக்கும். இல்லையென்றால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் கரகரவென்று பாடிக்கொண்டிருக்கும். பழைய வண்டிக்கு இது போதும் என்று விட்டுவிட வேண்டியதில்லை. அளவான பணத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில், கேட்கிற மாதிரி ஆக்கிவிடலாம்.

முதல்முறை கை வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான். பணத்தைத் திரையில் போடாதீர்கள், முன்கதவில் போடுங்கள். பெரிய தொடுதிரை செட்டை வாங்கிப் பழைய ஸ்பீக்கரோடு மாட்டினால் படம் நன்றாகத் தெரியும், பாட்டு பழைய பாட்டாகவே இருக்கும். சாதாரண செட்டோடு நல்ல ஸ்பீக்கர் இரண்டைச் சரியாகப் பொருத்திய கதவு அதைவிடப் பல மடங்கு நன்றாகப் பாடும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். செட் ஓடுகிறது என்றால் பேலன்ஸை (இடது-வலது) ஒரு ஓரத்துக்கும் ஃபேடரை (முன்-பின்) ஒரு ஓரத்துக்கும் தள்ளி, ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தனியே பாடவிட்டுக் கேளுங்கள். எது கரகரக்கிறது, எது ஊமையாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கூம்பின் நடுவில் இருக்கும் மூடியைச் சுற்றி இரண்டு விரலால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் உரசவில்லை. மணல் உரசுவதுபோலத் தட்டினால் சுருள் போய்விட்டது. ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம் விரல் பட்டாலே தூளாக உதிர்ந்தால் அந்த ஸ்பீக்கர் தேறாது.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் சத்தம் இல்லையா? ஒரு பென்சில் செல் எடுத்துக்கொள்ளுங்கள், 1.5 வோல்ட். செட்டின் பின்னால் அந்த ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரையும் செட்டிலிருந்து கழற்றி, செல்லின் இரு முனையிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்டால் வயரும் ஸ்பீக்கரும் சரி, குறை செட்டில்தான். கேட்கவில்லையென்றால் அனேகமாக வயர் எங்கேயோ அறுந்திருக்கும், சில சமயம் ஸ்பீக்கரின் சுருளே அறுந்திருக்கும். வயர் பெரும்பாலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கதவு திறந்து மூடும் இடத்தில்தான் அறும். இந்தச் சோதனை முடித்தவர்களில் சிலருக்கு ஒரு ஸ்பீக்கர் மாற்றினாலே வேலை முடிந்துவிடும்.

செட் நன்றாகப் பாடுகிறது, போனை இணைக்க மட்டும் வழியில்லை என்றால் செட்டையே மாற்ற வேண்டாம். ஆக்ஸ் துளை (வெளியிலிருந்து வயரில் பாட்டு கொடுக்கும் துளை) இருந்தால் சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அந்தத் துளையும் இல்லையென்றால் சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. தரம் சுமார்தான், ஆனால் வேலை நடக்கும். அதை எந்த நிலையமும் இல்லாத அலைவரிசையில் வையுங்கள். இங்கே கொடைக்கானல் பண்பலை 100.5-இல் பலமாக வரும். அதற்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் குழம்பும்.

பணத்தைப் பிரிக்கும் கணக்கு

கையில் இருக்கும் தொகையைப் பத்துப் பங்காக்கிக்கொள்ளுங்கள். செட்டுக்கு நாலு பங்கு, முன் ஸ்பீக்கர் இரண்டுக்கு மூன்று பங்கு, கதவு ஓட்டைகளை அடைக்கும் வேலைக்கு இரண்டு பங்கு, கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி), வயர், ஸ்லீவ், கிளிப் போன்ற சில்லறைக்கு ஒரு பங்கு. பின் ஸ்பீக்கர் இந்தக் கணக்கில் கிடையாது. பழைய ஸ்பீக்கர் பின்னால் பாடிக்கொண்டிருந்தால் இருக்கட்டும். கரகரத்தால் ஃபேடரை முன்னால் தள்ளி அமைதியாக்கி விடுங்கள். ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் கேட்பது முன்னால் இருந்துதான். பேஸ் எனும் அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் ஊஃபரும் இப்போது வேண்டாம், அதைக் கடைசியில் பேசுவோம்.

செட்

டேஷ்போர்டில் இருக்கும் ஓட்டையை அளந்து பாருங்கள். அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர் இருந்தால் அது சிங்கிள் டின். பழைய வண்டிகளில் அனேகமாக இதுதான். உயரம் 100 என்றால் டபுள் டின். சிங்கிள் டின் ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கித் திரை வைக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். அறுத்த டேஷ்போர்டு மலை ரோட்டில் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும், பிறகு அதை நிறுத்தவே முடியாது. போதாததற்கு மலிவான திரை சாவி போட்டதும் உயிர் வர நேரம் எடுக்கும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

இப்போது வரும் சிங்கிள் டின் செட்டுகளில் பலவற்றில் சிடி கிடையாது. யுஎஸ்பி, புளூடூத், எஃப்எம் மட்டும் இருக்கும். அது நல்லதுதான். சிடி ஓட்டும் பொறி இல்லாததால் குலுங்கினால் கெட்டுப்போகிற பாகமும் இல்லை. பயனீர், சோனி, ஜேபிஎல் போன்ற தெரிந்த பெயரில் இருப்பதிலேயே மலிவான மாடலை எடுங்கள். பெட்டியில் மூன்று விஷயம் பாருங்கள்: பின்பக்கம் பிரீ அவுட் என்ற ஆர்சிஏ துளை (பிறகு ஊஃபர் மாட்ட உதவும்) ஒரு ஜோடியாவது இருக்கிறதா, ஹை பாஸ் ஃபில்டர் (ஆழ்ந்த சத்தத்தை வடிகட்டுவது) இருக்கிறதா, வயர் கப்ளர் பெட்டியோடு வருகிறதா.

வாட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. முகப்பில் 50 வாட்ஸ் பெருக்கல் நாலு என்று போட்டிருக்கும். செட்டைத் திருப்பிப் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள், 10 ஆம்பியர் அல்லது 15 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது காரில் வருவது சுமார் 14 வோல்ட். 14-ஐ 10-ஆல் பெருக்கினால் 140. உள்ளே போகும் மொத்த மின்சாரமே 140 வாட்ஸ் என்றால் வெளியே 200 எப்படி வரும்? அந்த 50 ஒரு கணத்தின் உச்சக் கணக்கு. பாட்டு சிதையாமல் ஒரு சானலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு வருவது கிட்டத்தட்ட 20 வாட்ஸ். அது தாராளமாகப் போதும். ஸ்பீக்கர் வாங்கும்போதும் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் 300, 400-ஐ விட்டுவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் சக்தி) என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

ஸ்பீக்கர்

செட் தருவது 20 வாட்ஸ்தான் என்பதால் குறைந்த மின்சாரத்தில் அதிகம் பாடும் ஸ்பீக்கர் வேண்டும். சென்சிடிவிட்டி என்று டெசிபலில் போட்டிருப்பது இதைத்தான் சொல்கிறது. 89 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், செட்டின் சக்தியை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். மூன்று டெசிபலுக்கு அவ்வளவு மதிப்பு. 90-க்குக் குறையாமல் பாருங்கள்.

கூர்மையான சத்தத்தைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் நடுவிலேயே பொருத்தி வரும் கோஆக்ஸியல் வகையே முதல் தடவைக்குச் சரி. ட்வீட்டர் தனியாக வரும் காம்போனென்ட் வகை இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு இடம் தேடி ஓட்டை போட்டு வயர் இழுக்கும் செலவு தனி. இம்பீடன்ஸ் (மின்தடை) 4 ஓம்ஸ் இருக்க வேண்டும்.

அளவை வண்டியில் அளந்துதான் வாங்க வேண்டும். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. விட்டம் மட்டும் போதாது, ஆழமும் முக்கியம். கதவுக்குள் இருக்கும் கண்ணாடி கீழே இறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கக் கூடாது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தகட்டிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலை விட்டுப் பாருங்கள். கதவில் இடமே இல்லாத வண்டி என்றால் டேஷ்போர்டு ஓரத்தில் இருக்கும் இடத்துக்கு 4 இன்ச் போதும். பேஸ் குறையும், குரல் தெளிவாகக் கேட்கும்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கம் திறந்த வண்டியில் பேஸ் தங்காது. எவ்வளவு பெரிய ஊஃபர் வைத்தாலும் வெளியே போய்விடும், டீசல் சத்தம் மிச்சத்தை விழுங்கிவிடும். அங்கே காசைச் சென்சிடிவிட்டியில் போடுங்கள். மூடிய பெட்டியில் வைத்த 6 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு, காகிதக் கூம்பு வேண்டாம், பாலிபுரோப்பிலீன் கூம்பு. குமுளி மழையில் சாரல் அடித்தாலும் அது ஊறாது. இன்னொன்று: இரண்டு சானல் வயரில் நாலு பெட்டியைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒரே வயரில் 4 ஓம்ஸ் இரண்டை இணையாகக் கட்டினால் செட்டுக்குத் தெரிவது 2 ஓம்ஸ். அது சூடேறி ஒரு நாள் நின்றுவிடும்.

வயரிங்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் எந்த வயரையும் தொடாதீர்கள். 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், ஒரு நிமிஷ வேலை.

புதிய செட்டோடு வரும் வயர்களின் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மஞ்சள் என்பது பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், நினைவகத்துக்கும் சக்திக்கும் அதுதான். சிவப்பு என்பது சாவி போட்டால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். நீலம் மின் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் ஆம்ப்புக்கு (தனி ஆம்ப்ளிஃபயர்). இரண்டும் இல்லாத வண்டியில் முனையை டேப் சுற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் அது நெகட்டிவ்.

இது செட்டின் நிறம். உங்கள் வண்டியின் நிறம் வேறு. கார் பக்கத்து வயரில் சிவப்பு இருக்கிறதே என்று சிவப்போடு சிவப்பைச் சேர்க்காதீர்கள். முன்பு யாரோ அறுத்து ஒட்டிய வண்டியாக இருந்தால் நிறத்தை நம்பவே கூடாது. பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்து, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கறுப்புக் குச்சியைப் பாடியின் சுத்தமான இரும்பில் வைத்து, சிவப்புக் குச்சியால் வயரைத் தொடுங்கள். சாவி இல்லாமலே 12-க்கு மேல் காட்டுவது மஞ்சளுக்கு. சாவியை ஒரு கட்டம் திருப்பினால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. குறித்துக்கொண்டு பேட்டரியை மறுபடி கழற்றுங்கள்.

இந்த இரண்டும் மாறினால் என்ன ஆகும்? செட் பாடும், ஆனால் சாவியை எடுத்ததும் நிலையங்கள், கடிகாரம், சத்த அமைப்பு எல்லாம் மறந்துவிடும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் கொடுப்பது இன்னொரு பழக்கம். அப்போது செட் சாவியோடு அணையாது. நீங்கள் மறந்துவிட்டு இறங்கினால், பழைய பேட்டரி என்றால் காலையில் வண்டி எடுக்காது. அதிகாலை நாலு மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டிய ஜீப்புக்கு அது ஒரு நாள் கூலி.

மிகப் பழைய வண்டிகளில் இன்னொன்றைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பாடியில் எர்த் கொடுத்திருப்பார்கள். அப்போது அது சரி. இன்றைய செட்டில் ஸ்பீக்கர் நெகட்டிவ் வயரிலும் மின்னழுத்தம் இருக்கிறது; அது பாடியைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும். ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு வயரையும் பாடியோடு வைத்து மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். பீப் அடித்தால் அந்த வயரை விட்டுவிட்டு, ஸ்பீக்கருக்குத் தனியாக இரண்டு வயர் புதிதாக இழுங்கள். இருபது முப்பது வருஷ வண்டிக்குப் புது ஸ்பீக்கர் வயர் போடுவது எப்படியும் நல்லதுதான்.

இணைப்பை எப்படிப் போடுவது? காரின் ஒரிஜினல் கப்ளரை வெட்டாதீர்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் ஆண் கப்ளர் அக்சஸரீஸ் கடையில் கிடைக்கும். அதன் வயரையும் செட்டின் வயரையும் மேஜையில் வைத்தே இணைத்துக்கொண்டு, வண்டியில் 'டக்' என்று செருகிவிடலாம். இணைப்புகளுக்கு ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், அல்லது நல்ல கிரிம்ப் கனெக்டர். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேண்டாம். சித்திரை வெயிலில் டேஷ்போர்டுக்குப் பின்னால் டேப்பின் பசை உருகி நழுவும். குமுளி ஏற்றத்தின் குலுக்கலில் முறுக்கு தளரும்.

எர்த் வயருக்குப் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரியும் இடத்தில் ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ எர்த் ஆகாது.

எல்லாம் செருகியபின், செட்டை உள்ளே தள்ளும் முன் பேட்டரியை இணைத்து ஒரு தடவை பாடவிடுங்கள். நாலு ஸ்பீக்கரும் சரியான மூலையில் பாடுகிறதா என்று பேலன்ஸ், ஃபேடர் வைத்துப் பாருங்கள். பிறகுதான் தள்ள வேண்டும். பின்பக்கத்துக்கு ஒரு தாங்கல் பட்டை கொடுங்கள். முன்னால் கூண்டு மட்டும் பிடித்திருக்கும் செட் மேடு பள்ளத்தில் தலையாட்டும்.

கதவு

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான். கதவு என்பது ஸ்பீக்கருக்குப் பெட்டி. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் சந்தித்தால் பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். பழைய கார்களின் கதவு உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைத்தாலே பேஸ் வந்துவிடும். நம்ப முடியாத அளவுக்கு வரும்.

கதவின் உள்பக்கம் மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்ற வேண்டும். கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். அதை ஸ்குரூடிரைவரால் நோண்டிப் பேடைக் கிழிக்கிறார்கள். தேவையில்லை. பழைய பருத்தித் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இடமும் வலமுமாக இழுங்கள். துணியின் இழை கிளிப்பில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். தெறித்து எங்காவது விழும், அதனால் இன்னொருவரைக் கை மறைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கையணையின் ஸ்குரூ, உள் கைப்பிடியின் சட்டம் எல்லாம் எடுத்தபின், பேடின் கீழ் ஓரத்தில் கை விட்டு ஒவ்வொரு பிளாஸ்டிக் கிளிப்பாக இழுங்கள். பழைய கிளிப்பில் சில கண்டிப்பாக உடையும். முன்பே பத்துப் பன்னிரண்டு புதுசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேடுக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள் ஒட்டியிருக்கும், அல்லது முன்பு யாரோ கிழித்து எறிந்திருப்பார்கள். அது வேண்டாத குப்பை இல்லை. மழைத்தண்ணீர் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எல்லா காரிலும் அப்படித்தான். கீழே இருக்கும் ஓட்டை வழியாக வெளியே போய்விடும். அது பேடுக்கும் இருக்கைப் பக்கத்துக்கும் வராமல் தடுப்பது அந்தத் தாள். ஆடி மாதம் குமுளிக்குப் போய் வருகிறவர்கள் வண்டியில் கால்மிதி எப்போதும் ஈரமாக இருந்தால் இந்தத் தாள் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டைகளை அடைக்கவும் தகட்டின் அதிர்வை அடக்கவும் பியூட்டைல் ஷீட் வாங்குங்கள், ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் கறுப்புப் பசை. கடையில் மலிவாகத் தார் ஷீட்டும் தருவார்கள், வேண்டாம். கம்பத்து மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் தார் இளகி வழியும், நாற்றம் போகாது. தகட்டை முதலில் தின்னர் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்தித் தேயுங்கள். வெளித்தகட்டின் உள்பக்கத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒரு துண்டு. உள்தகட்டின் ஓட்டைகள் மேல் மிச்சம். முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை. தகட்டை விரலால் தட்டினால் 'டங்' என்பது 'டொக்' என்று மாறினால் போதும். பெரிய ஓட்டையை மூடும் முன் கண்ணாடி ஏற்றும் கம்பி, பூட்டுக் கம்பி இரண்டும் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டையை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் மூடாதீர்கள், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கரை நேராகத் தகட்டில் ஸ்குரூ போடாமல், நடுவில் ஒரு வளையம் கொடுங்கள். கடையில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் தருவார்கள். ஈரம் பட்டால் அது ஊறி உப்பிவிடும், மலைப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஆகாது. பிளாஸ்டிக் வளையம், அல்லது தச்சரிடம் மரைன் பிளைவுட்டில் வெட்டச் சொல்லி இரண்டு கோட் பெயின்ட் அடித்தது. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே, ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய ஃபோம் டேப். காற்று கசியும் இடம் எதுவும் இருக்கக் கூடாது.

பாலாரிட்டி (எது பிளஸ், எது மைனஸ்) பார்ப்பதற்கும் அந்தப் பென்சில் செல்தான். செல்லின் பிளஸ் எந்த வயரில் பட்டால் கூம்பு வெளியே வருகிறதோ அதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். இடது, வலது இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மாறியிருந்தால் பாட்டு நடுவில் நிற்காமல் சிதறும், பேஸ் காணாமல் போகும். புது ஸ்பீக்கர் போட்டும் பேஸே இல்லை என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

கதவு வேலை முடிந்த கையோடு ரப்பர் பீடிங்கையும் தடவிப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். காற்றுச் சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பாட்டைக் குறைத்து வைத்தே கேட்கலாம்.

ஏரியலும் பென்டிரைவும்

பழைய காரின் இழுத்து நீட்டும் ஏரியலைக் கழற்றி எறிந்துவிட்டு மீன் துடுப்பு மாதிரி ஒரு ஏரியலை ஒட்டுகிறார்கள். பண்பலைக்கு அந்தப் பழைய கம்பிதான் நல்லது. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால்வாசி 75 சென்டிமீட்டர். கம்பியை அந்த அளவுக்கு நீட்டினால் சிக்னல் நன்றாகப் பிடிக்கும். அடியில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டு, அங்கேயும் எர்த்தை இறுக்குங்கள். கொடைக்கானல் நிலையம் உயரத்தில் இருப்பதால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நன்றாகக் கேட்கும். லோயர்கேம்ப் தாண்டி மலை மறைக்கும் வளைவுகளில் இரைச்சல் வரும், எந்த செட்டாலும் அதை மாற்ற முடியாது. போன் சிக்னலும் அந்தக் காட்டு ரோட்டில் வந்து வந்து போகும். அதனால் பாட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். 32 ஜிபி அல்லது அதற்குள், ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்தது. மற்ற முறைகளைப் பல செட்டுகள் படிக்காது.

இரைச்சல் வந்தால்

எஞ்சின் வேகத்தோடு 'ஙொய்ய்' என்று ஏறி இறங்கும் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. முதலில் செட்டின் எர்த்தை இன்னொரு நல்ல இடத்துக்கு மாற்றுங்கள். போனைச் சார்ஜரில் போட்டு ஆக்ஸ் வயரிலும் மாட்டியிருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல தடவை அதுதான் காரணம். 'டிக் டிக் டிக்' என்று எஞ்சினோடு வந்தால் அது பிளக் வயர். பழைய பெட்ரோல் வண்டியில் பிளக் வயரை மாற்றினால் ரேடியோவும் தெளியும், இழுவையும் கொஞ்சம் தேறும். மேடு பள்ளத்தில் மட்டும் விட்டு விட்டுப் பாடினால் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது.

அமைப்பு

பேஸ், டிரபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள், லவுட்னஸை அணையுங்கள். ஹை பாஸ் ஃபில்டரை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். சின்ன ஸ்பீக்கரால் பாட முடியாத ஆழ்ந்த சத்தத்தை அதனிடம் அனுப்பாமல் விட்டால் மிச்சத்தைச் சிதையாமல் பாடும். பேஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், செய்து பாருங்கள். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வரும் ஒரு பாட்டைப் போடுங்கள். நாதஸ்வரம் காதைக் குத்தாமல், தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டால் அமைப்பு சரி. அப்புறம் வேண்டுமானால் பேஸை ஒன்றிரண்டு புள்ளி கூட்டுங்கள். சத்தத்தை ஏற்றும்போது எந்த இடத்தில் குரல் கிழிய ஆரம்பிக்கிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மூன்று புள்ளி கீழேயே எப்போதும் நிறுத்துங்கள். ஸ்பீக்கரைப் பெரும்பாலும் கொல்வது அந்தக் கிழிந்த சத்தம்தான்.

கடையில் கொடுப்பதானால்

எல்லோராலும் கழற்றி மாட்ட முடியாது. கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணே, கப்ளரை வெட்ட வேண்டாம், புது கப்ளர் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "எர்த் எங்க குடுக்குறீங்க?" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் எலக்ட்ரீஷியன் குறைவு, கேட்கிறவரின் வண்டியில் கொஞ்சம் கூடவே கவனம் எடுப்பார்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கரை வாங்கிக்கொள்ளுங்கள். புது ஸ்பீக்கரின் பெட்டியும் பில்லும் உங்களிடம் இருக்கட்டும், வாரண்டிக்கு வேண்டும். ஷீட் ஒட்டும் வேலையை மட்டும் முடிந்தால் நீங்களே வீட்டில் செய்யுங்கள். அதில் நுட்பம் இல்லை, பொறுமைதான் வேண்டும், கடையில் அதற்கு நேரம் கிடைக்காது.

பிறகு

இதையெல்லாம் செய்து ஒன்றிரண்டு மாதம் கேளுங்கள். அதற்குமேல் பேஸ் வேண்டும் என்று தோன்றினால் இருக்கைக்கு அடியில் வைக்கும் 8 இன்ச் ஆக்டிவ் ஊஃபர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) பழைய சின்ன காருக்குப் போதுமானது. அதன் பவர் வயரைப் பேட்டரியிலிருந்து நேராக எடுக்க வேண்டும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைக்காமல் எடுக்கவே கூடாது. வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். எஞ்சின் அறைத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் போடுங்கள். பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ வயர் மறுபக்கம்.

பின் டிரேயில் 6x9 இன்ச் ஓவல் ஸ்பீக்கர் வைக்க விரும்பினால் அட்டை டிரேயில் வைக்காதீர்கள். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து, பாடியோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள். சும்மா மேலே வைத்த டிரே, இறக்கத்தில் சடன் பிரேக் போட்டால் ஸ்பீக்கரோடு பின் இருக்கையில் இருப்பவர் தலைக்கு வரும். குழந்தைகள் உட்காரும் இடம் அது.

பலநிற விளக்கும் தெருவே அதிரும் பெட்டியும் வைத்த வண்டிகளைக் குமுளி தாண்டியதும் கேரள மோட்டார் வாகனத் துறையினர் நிறுத்திக் கேட்பார்கள். தேக்கடிப் பக்கம் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி ஓடும் ரோடுகளில் கண்ணாடியை ஏற்றி, சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும்.

முதல் மாதம் மலை ஏறி இறங்கியபின் டோர் பேடை ஒரு தடவை கழற்றி, ஸ்பீக்கரின் நாலு ஸ்குரூவையும் மறுபடி இறுக்குங்கள். புது ஃபோம் டேப் அழுந்தி உட்கார்ந்ததில் ஸ்குரூ அரைச்சுற்றாவது தளர்ந்திருக்கும். முதல் கனமழைக்குப் பின் ஷீட்டின் ஓரங்களில் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஓரத்தைத் துடைத்துக் காயவைத்து, இன்னொரு துண்டு ஒட்டிவிடுங்கள்.